தனிக் கிண்ணம்

2 மார்ச் 2017, வியாழன்

மழை. நேற்று ஊறப்போட்ட வெள்ளைப் போஞ்சி விதையைக் காலை ஆறு மணிக்கே தோலுரிக்க உட்கார்ந்தேன். ஒரு கிலோ. முடிய எட்டேகால். எதிலும் தோல் ஒட்டியிருக்கவில்லை. இரண்டு தடவை சரிபார்த்தேன்.

பிற்பகல் யப்பானியப் பலகார வகுப்பு, நாலாவது. மொத்தம் எட்டு. வியாழன்தோறும், பாரிஸ் மேரியின், அதாவது நகரசபையின், முதியோர் மண்டபத்தில். பெயர் கொடுத்தது மகள் வதனி. "யன்னலாலை றோட்டிலை போறவையைப் பிழை பிடிச்சது காணும் அம்மா. போய் ஏதாவது பழகுங்கோ." என் கணவர் காலமான பிறகு நான் ஒழுங்காகச் சமைப்பதில்லை என்பது அவளுடைய நெடுநாள் முறைப்பாடு. எழுபத்திரண்டு வயதில் யப்பான் பலகாரம். தமிழ்க் கடைத்தெருவில் தெரிந்தால் சிரிப்பார்கள். தெரிந்துவிட்டது, சிரிக்கிறார்கள்.

ஆசிரியை மதாம் ஒகாவா (இனி ம.ஒ.). நாற்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசுவார். மெதுவாகத் திருத்துவார். அந்த மெதுவில்தான் எனக்கு எரிச்சல்.

இன்றைய வேலை: அவித்த விதையை அரிதட்டில் தேய்த்து, துணியில் பிழிந்து, சீனி போட்டு இறுக்கமாகக் கிண்டுவது. பிறகு ஒட்டரிசி மாக்களி கொஞ்சம் சேர்த்துப் பிசைவது. நெரிகிரி என்று பெயர். பூ, இலை, பழம் எல்லாம் இந்த மாவில்தான் செய்கிறார்கள்.

என் மேசையில் என்னோடு தவமணி. ஐம்பத்தெட்டு வயது. வன்னியிலிருந்து 2010இல் வந்தவர். விடியத் தொடங்கி மத்தியானம் வரை அலுவலகங்கள் துப்புரவாக்கிவிட்டு நேரே வகுப்புக்கு வருகிறார். வீடு புறநகரில், சார்செலில். நல்ல தோள்பலம். கிண்டுவது அவர், பூவாக்குவது நான். பேசி வைக்காமலே அமைந்த ஏற்பாடு. கையும் ஒத்துப்போகிறது. நான் கேட்குமுன் உருண்டை உள்ளங்கையில் வந்துவிடும்.

மோதகத்துக்குப் போலச் சுற்றிவர மடிப்பு வைத்தேன். யாரும் அப்படி வைக்கவில்லை. ம.ஒ. குனிந்து பார்த்தார். "மிக அழகு. ஆனால் இந்தப் பூவுக்கு மடிப்பு இல்லை." மற்றவர்களுக்கும் கேட்டது.

தவமணி காதுக்குள் சொன்னார்: "மோதகத்தை விட்டிட்டு வாங்கோ ரீச்சர். பிள்ளையார் கோவிக்கமாட்டார்."

சிரித்தேன். இந்த வகுப்பில் முதல் தடவை.

முன்மேசை மெசியு பெர்னார், ஓய்வுபெற்ற தபால்காரர். யார் யாருக்குச் சீனி வருத்தம் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அவருக்கு மாத்திரையாம். எனக்கு ஒரு துளியும் இல்லை, போன மாதம் டொக்டரே பாராட்டினார் என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன்.

4 மார்ச், சனி

வெயில், ஆனால் குளிர். கடைக்குப் போனேன். கறிவேப்பிலை, சிவப்பரிசி மா, நல்லெண்ணெய். தேசிக்காய் மறந்துவிட்டேன்.

கடைக்காரர்: "என்ன ரீச்சர், எங்கடை கொழுக்கட்டை அலுத்துப்போச்சோ?"

பக்கத்தில் நின்ற ஒருவர்: "அண்ணை, அது பச்சைத் தேத்தண்ணியோடை சாப்பிடுறதாம். வாயிலை வைச்சால் மாட்டுக்கு வைச்ச மாதிரி."

நிமிர்ந்து நடந்து வந்தேன்.

பொண்டியிலிருந்து வதனி வந்தாள். வீட்டில் நானாகச் செய்த மூன்று பூ கொடுத்தேன். "வடிவாயிருக்கு. ஆனால் மா கட்டி தட்டுது அம்மா." உண்மை. தவமணி கிண்டினால் கட்டி தட்டாது.

9 மார்ச், வியாழன்

தூறல். மெத்ரோ பத்து நிமிடம் தாமதம்.

வகுப்பில் செரிப் பூ, யப்பானியரின் சகுரா. வெளியே இருபத்தைந்து கிராம் இளஞ்சிவப்பு மா, உள்ளே பதினைந்து கிராம் சிவப்புப் பயற்று உருண்டை. உள்ளது வெளியே தெரியக் கூடாது. மரத்தால் செய்த முக்கோணக் கத்தியால் ஐந்து கோடு. ம.ஒ. என் பூவை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். திருத்தம் எதுவும் சொல்லவில்லை.

பிறகு தவமணி என்னுடைய ஊர் எது என்று கேட்டாள். சொன்னேன். எங்கள் வீட்டு அடையாளமும் சொன்னேன்.

"அட, அந்த வளவோ? எங்கடை அப்பு உங்கடை பனையெல்லாம் ஏறினவர் ரீச்சர். வன்னிக்குப் போறதுக்கு முந்தி, சின்னனிலை நானும் அவரோடை வந்திருக்கிறன். நீங்கள் படிப்பிக்கப் போகேக்கை குடை பிடிச்சுக்கொண்டு போவியள். நாங்கள் வேலிக்குள்ளாலை பாப்பம். என்ன வடிவான குடை."

சந்தோஷமாகச் சொன்னாள். ஊர் மனிசியைக் கண்டுபிடித்த சந்தோஷம்.

"அப்படியோ" என்றேன்.

மேசையில் எங்கள் இருவருக்கும் ஒரே ஈரத்துணி. பூவாக்கும்போது விரல் துடைக்க. நான் எழுந்துபோய் அலுமாரியில் எனக்கு வேறொன்று எடுத்து வந்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. கை போனது, எடுத்தது. தவமணி அந்தத் துணியைப் பார்த்தாள். தன்னுடையதை மேசையின் மறுகரைக்கு நகர்த்திவைத்தாள். தொடர்ந்து கிண்டினாள்.

அடுத்த வாரம் தேநீர்ச் சடங்கு. எல்லோரும் வெள்ளைக் காலுறை கொண்டுவர வேண்டும்.

12 மார்ச், ஞாயிறு

வெள்ளைக் காலுறை வாங்கினேன். யன்னல் கண்ணாடி துடைத்தேன். வதனிக்கு ரெலிபோன். மூட்டுவலித் தைலம் தீர்ந்தது.

மேலே எழுதியவற்றைப் புரட்டினேன். இரண்டாம் திகதி "தவமணி சொன்னார்". ஒன்பதாம் திகதி "தவமணி கேட்டாள்". யாரும் பார்க்காத கொப்பியில் என் பேனா தானாக இறங்கியிருக்கிறது.

பனை ஏறினவர் எங்கள் கிணற்றடிக்கு அப்பால் குந்தியிருப்பார். ஓலையில் மடித்த பிளாவைத் தன் கையாலேயே ஏந்துவார். அம்மா நின்றபடி உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவார். குடித்ததும் அவரே பிளாவை வேலிக்கு வெளியே எறிந்துவிடுவார். எங்கள் பாத்திரம் எதிலும் அவர் கை பட்டதில்லை. அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

16 மார்ச், வியாழன்

நல்ல வெயில். நடந்தே போனேன்.

ஒழுங்காக எழுத வேண்டும். நடந்த வரிசையில்.

மண்டபத்தின் மேல்மாடி. தரையில் மூன்று பாய். எனக்கும் பெர்னாருக்கும் முழங்காலுக்காகச் சிறு முக்காலி. ம.ஒ. சாம்பல்நிற உடையில் வந்து உட்கார்ந்தார். பிறகு அறையில் யாரும் பேசவில்லை. தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும். அகப்பையை எடுப்பதற்கு ஒரு முறை, வைப்பதற்கு ஒரு முறை. துணி மடிக்க ஒரு முறை. எதுவும் கூட இல்லை, குறைய இல்லை. இத்தனை ஒழுங்கைக் கொன்வென்ற்றில் கன்னியாஸ்திரிகளிடம்தான் கண்டிருக்கிறேன். மனம் நிறைந்துபோயிற்று. கணவர் இருந்திருந்தால் கூட்டி வந்திருக்கலாம் என்று நினைத்தேன். உண்மையில் நினைத்தேன்.

முதலில் பலகாரம். நாங்கள் செய்த செரிப் பூ, கடதாசியில். மரக்குச்சியால் இரண்டாக வெட்டி முழுவதும் சாப்பிட வேண்டும். சாப்பிட்டேன். மிக ருசி. தவமணியின் மா, என் பூ.

பிறகு கெட்டித் தேநீர். கூழ்போல, கரும்பச்சை. எல்லோருக்கும் ஒரே கிண்ணம். இதை ம.ஒ. போன கிழமையே சொல்லியிருந்தார். நான் கவனிக்கவில்லை. துணி எடுக்கப் போயிருந்த நேரமாக இருக்கலாம். ஒருவர் மூன்றரை மிடறு குடித்து, தன் வாய் பட்ட இடத்தைத் துடைத்து, கிண்ணத்தின் முகப்பை அடுத்தவர் பக்கம் திருப்பி, முந்திக் குடித்ததற்கு மன்னிப்புக் கேட்டுக் கொடுக்க வேண்டும். அவரவர் மொழியில் கேட்கலாம் என்றார் ம.ஒ.

வரிசை: பெர்னார், தவமணி, நான், பிறகு வகுப்பில் எங்களோடு பழகும் மூலைவீட்டுப் பிரெஞ்சுச் சகோதரிகள், அக்காவும் தங்கையும்.

பெர்னார் குடித்தார். தவமணி குடித்தாள். துடைத்தாள். படித்துத் தந்தபடியே, ஒன்றும் பிசகாமல். கிண்ணத்தைத் திருப்பி என் முன்னால் வைத்துத் தலை குனிந்தாள்.

"முந்திக் குடிச்சுப்போட்டன் ரீச்சர். பொறுத்துக்கொள்ளுங்கோ."

கை நீட்டினேன். கிண்ணத்தைத் தொட்டேன். சூடு. விளிம்பின் உள்ளே அவள் குடித்த பச்சைத் தடம், கீழ்நோக்கி. துடைப்பது விளிம்பை மட்டும்தான்.

கையை எடுத்துவிட்டேன். "எனக்குச் சீனி வருத்தம். குடிக்கக் கூடாது." பிரெஞ்சில், பிழையில்லாமல்.

கெட்டித் தேநீரில் சீனி இல்லை. சீனி பலகாரத்தில். அதை முழுவதும் தின்று முடித்த கடதாசி என் மடியில் இருந்தது.

பெர்னார் திரும்பினார். "எப்போதிலிருந்து மதாம்?"

"போன கிழமை தெரியவந்தது."

அந்தச் சகோதரிகள் ஐயோ பாவம் என்ற மாதிரிப் பார்த்தார்கள். அவர்களுக்கு விளங்கவில்லை. அறையில் விளங்கிய ஆள் ஒருவர்தான்.

தவமணி குனிந்த தலையை உடனே நிமிர்த்தவில்லை. பிறகு கிண்ணத்தை என் முன்னாலிருந்து எடுத்து, என்னைத் தாண்டிக் கை நீட்டி, அடுத்தவரிடம் கொடுத்தாள். அவர் குடித்தார்.

இதோடு முடியவில்லை. ம.ஒ. கலங்கிப்போனார். விருந்தாளி குடிக்காமல் எழுவது அவர்களிடம் வழக்கமில்லையாம். எனக்கென்று வேறு ஒரு கிண்ணம் எடுத்து, இலேசான தேநீர் கலக்கி, இரண்டு கையாலும் கொண்டுவந்து வைத்தார். "இது உங்களுக்கு மட்டும்."

எல்லோரும் பார்த்திருக்க, தனிக் கிண்ணத்தில் குடித்தேன்.

17 மார்ச், வெள்ளி

வெளியே போகவில்லை.

சொல்லியிருக்கக்கூடியவை:
நன்றி.
எனக்குக் கெட்டித் தேநீர் பழக்கமில்லை. (உண்மை, ஆனால் இதுவும் சாட்டுத்தான்.)
ஒன்றும் சொல்லாமல் மூன்றரை மிடறு.

கொன்வென்ற்றில் சனிக்கிழமை மாலை கத்தோலிக்கப் பிள்ளைகள் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லி மன்னிப்புப் பெற வரிசையில் நிற்பார்கள். சைவப் பிள்ளைகள் நாங்கள் மரத்தடியில் ஊசிவேலை. அவர்களுக்கு நல்ல வசதி என்று இன்று தோன்றுகிறது.

தவமணி இதைக் கடைத்தெருவில் சொல்லிவிடுவாரோ என்று காலை முழுவதும் பயம். மத்தியானம் இன்னொன்று பிடிபட்டது. சொன்னால்தான் என்ன? பாதிப்பேர் என் பக்கம் நிற்பார்கள். "ரீச்சர் செய்ததிலை என்ன பிழை" என்பார்கள். அதை நினைக்கத்தான் உடம்பு கூசுகிறது.

19 மார்ச், ஞாயிறு

காற்று. சோறு, பருப்பு, நேற்றைய கத்தரிக்காய்.

தவமணியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. இரண்டு தடவை எடுத்தேன். மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன்.

23 மார்ச், வியாழன்

மழை. தவமணி வரவில்லை.

ம.ஒ. என்னிடம் வந்து கேட்டார்: "உங்கள் தோழி சுகமா?" தெரியாது என்றேன். ஏப்ரல் முதலாம் திகதி சனிக்கிழமை அயலவரை அழைத்து மண்டபத்தில் தேநீர் கொடுக்கப் போகிறோம். அறுபது பேருக்குப் பலகாரம். எங்கள் மேசைக்கு இருபது பூ. சகோதரிகள் ஒரு மேசையில், பெர்னாருக்கு ம.ஒ. உதவி. என் மேசையில் நான் மட்டும்.

நானே கிண்டினேன். ஐந்து நிமிடத்தில் தோள் விட்டுப்போயிற்று. அடிப்பிடித்தது. மணம் மண்டபம் முழுக்க.

பெர்னார் ஒரு பொதியோடு வந்தார். எனக்கென்று சீனியில்லாத பிஸ்கட். மூன்று கடை ஏறி இறங்கினாராம். "முதல் மாதம்தான் கஷ்டம் மதாம், பிறகு பழகிவிடும்." தன்னுடைய மாத்திரையின் பெயரையும் எழுதித் தந்தார்.

அதைவிட ம.ஒ. எனக்காக விசேடமாகச் சீனி போடாமல் ஒரு பூ செய்து வைத்திருந்தார். சிறிய தட்டில், ஒரு இலையோடு. எல்லோரும் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெறும் அவித்த மா. தொண்டையில் நின்றது. நல்லாயிருக்கிறது என்றேன். கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டேன்.

25 மார்ச், சனி

வெயில். வதனி வந்தாள். மேசையில் சீனியில்லாத பிஸ்கட்டைக் கண்டு, "டொக்டர் ஏதும் சொன்னவரோ?" என்று முகம் வெளுத்துக் கேட்டாள். வேறு வழியில்லை. முழுவதும் சொன்னேன்.

பிஸ்கட் பொதியை எடுத்து மூடிவைத்தாள். பிறகு:

"அம்மா, இருபத்தைஞ்சு வருசமா இஞ்சை மெத்ரோவிலை ஒரு கம்பியைத்தானே எல்லாரும் பிடிக்கிறம்? ஆரின்ரை கையெண்டு கேட்டனீங்களோ?"

"அது வேறை."

"என்ன வேறை?"

என்ன வேறு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தது, சொல்ல வாய் வரவில்லை. முன்னால் பின்னால் நிற்பவர் யார் என்று தெரியாதவரை எனக்கு ஒன்றும் இல்லை. தெரிந்ததும் கை பின்னால் போகிறது.

"போய்க் கதையுங்கோ" என்றாள். "ரெலிபோனிலை வேண்டாம். நேரை போங்கோ."

"கூட வருவியோ?"

"இல்லை."

26 மார்ச், ஞாயிறு

இன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளும் நாள். மறந்துபோனேன். பத்து மணிக்கு வருகிறேன் என்று தவமணிக்குச் செய்தி அனுப்பிவிட்டு, ஆர்.ஈ.ஆர். டி ரயிலில் போய்ச் சார்செலில் இறங்கும்போது பதினொன்று. என் வாழ்க்கையில் எங்கும் பிந்திப் போனதில்லை.

உயரமான கட்டடங்கள். ஏழாம் மாடி. லிஃப்ட் வேலை செய்தது.

தவமணி கதவைத் திறந்தார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "வாங்கோ ரீச்சர்." கணவர் வேலைக்குப் போய்விட்டாராம். சுத்தமான வீடு. தரையில் ஒரு மயிர் கிடையாது. கதிரையைக் காட்டினார். இருந்தேன்.

குசினிக்குள் போனார். தேத்தண்ணி கொண்டுவந்தார். அவருக்குக் கண்ணாடிக் கோப்பை. எனக்குக் கடதாசிக் கோப்பை. கடையில் வாங்கும், குடித்துவிட்டு எறியும் கோப்பை.

என் முறைக்காக இதை வாங்கி வைத்திருக்கிறார், தன் கோப்பையில் நான் குடிக்கமாட்டேன் என்று நினைத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. கண் கலங்கிற்று. "எனக்கும் கண்ணாடிக் கோப்பையிலை தாரும் தவமணி. நான் குடிப்பன்" என்றேன். பெரிய மனது வைத்துச் சொன்னதுபோல என் காதுக்கே கேட்டது.

"வேண்டாம் ரீச்சர். இதுதான் எனக்குச் சுகம். நீங்கள் போனாப்பிறகு எறிஞ்சுபோடலாம்."

கோபமில்லாமல் சொன்னார். காலநிலையைச் சொல்வதுபோல.

கடதாசிக் கோப்பையில் குடித்தேன். சீனி போட்டிருந்தார். நிறைய.

மன்னிப்புக் கேட்டேன். வீட்டிலிருந்தே வசனமாக அமைத்துக்கொண்டு போயிருந்தேன். நடுவில் மறந்துபோயிற்று. மிச்சத்தை எப்படியோ சொன்னேன்.

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தனீங்களோ, இல்லாட்டி சனிக்கிழமைக்கு மாக் கிண்ட ஆளில்லாமல் வந்தனீங்களோ?"

பொய் சொல்லலாமென்று ஒரு கணம் நினைத்தேன். "ரெண்டுக்கும்" என்றேன்.

அப்போதுதான் முதன்முதலாக என்னை நேராகப் பார்த்தார்.

"சண்டையின்ரை கடைசி மாதங்களிலை ஒரு பங்கருக்குள்ளை பதினொரு பேர் இருந்தனாங்கள். தண்ணிக்கு ஒரே ஒரு பேணி. உங்கடை ஆக்களும் இருந்தவை. ஒருத்தரும் ஆரின்ரை வாய் பட்டது எண்டு கேக்கேல்லை. தப்பி வந்தம். இஞ்சை பாரிசிலை, பாயிலை இருத்தி வைச்சு, வெள்ளைக்காரருக்கு முன்னாலை செய்தியள்."

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எங்கடை அப்புவின்ரை பேர் தெரியுமோ உங்களுக்கு?"

தெரியாது என்றேன்.

"கந்தன் எண்டுதான் உங்கடை வளவிலை கூப்பிட்டவை. பேர் கந்தசாமி."

எழுந்து வாசல் வரை வந்தார். வியாழக்கிழமை வருவீரா என்று கேட்டேன். "வருவன். நான் பழக வந்தனான். உங்களுக்காக வரேல்லை, உங்களுக்காக நிக்கவும் மாட்டன்."

லிஃப்ட்டுக்குள் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் வணக்கம் சொன்னாள். பதில் சொன்னேனா என்று ஞாபகமில்லை.

30 மார்ச், வியாழன்

இளவெயில். கடைசி வகுப்பு.

போனதும் எழுந்து நின்று சொன்னேன். எனக்குச் சீனி வருத்தம் இல்லை, அன்று சொன்னது பொய், ஒரே கிண்ணத்தில் குடிக்க மனம் வரவில்லை, அது கிண்ணத்தின் பிழை அல்ல, மதாம் தவமணியின் பிழையும் அல்ல. இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் எழுதிப் பழகினேன். ஏன் மனம் வரவில்லை என்று ஒரு சகோதரி கேட்டார். எங்கள் ஊரில் மனிதர்களைப் பிரித்துவைக்கும் ஒரு பழக்கம், நான் அதில் வளர்ந்தேன், வெட்கப்படுகிறேன் என்றேன்.

பெர்னார் கேட்டார்: "அப்படியானால் அந்தப் பிஸ்கட்டை என்ன செய்தீர்கள்?"

"எல்லாவற்றையும் சாப்பிட்டேன்."

"அது பிழைக்குப் போதுமான தண்டனை" என்றார். சகோதரிகள் சிரித்தார்கள். தவமணி சிரிக்கவில்லை. பெர்னாருடைய மேசைக்கு மாறியிருந்தார். முதுகைத்தான் எனக்குக் காட்டினார்.

ம.ஒ. தலை குனிந்தார், அவ்வளவுதான். பிறகு எனக்கு மாக் கிண்ட ஒரு சகோதரியை அனுப்பினார். கட்டி தட்டியது.

1 ஏப்ரல், சனி

காலை மழை, பிறகு விட்டது. மண்டபத்தில் நாற்காலி போட இடமில்லாத சனம். எங்கள் தெருக் கடைக்காரரும் வந்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

ம.ஒ. என்னைத் தேநீர் பரிமாறச் சொன்னார். வேண்டாம், கிண்ணம் கழுவுகிறேன் என்றேன். நானாகக் கேட்டு எடுத்த வேலை. பின்னாலுள்ள சிறிய குசினி. தட்டுத் தட்டாகக் கிண்ணங்கள் வந்தன. ஒவ்வொன்றின் உள்ளும் பச்சைத் தடம். யாருடைய வாயென்று தெரியாது. கையுறை போடவில்லை. வெந்நீர் தீர்ந்து குளிர்நீர் வந்தது. அதிலும் கழுவினேன். விரல் விறைத்தது. அது நல்லது என்றும் பட்டது. இப்படியே முடியும்வரை நிற்கலாம், யாராவது வந்து பார்த்தால் நல்லது என்றும் பட்டது.

தவமணி வந்தார். கையில் தட்டு. வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதிலை பெருமைப்படாதேங்கோ ரீச்சர். நான் ஒரு நாளைக்குப் பதினாறு கக்கூஸ் கழுவுறன்."

கை நின்றுவிட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

தட்டை வைத்தார். குழாயைப் பூட்டினார்.

"கையைத் துடைச்சுக்கொண்டு வாங்கோ. இன்னும் சனம் வருகுது, பூ காணாது. மா கிண்டி வைச்சிருக்கிறன். பெர்னார் செய்யிற பூ உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு."

"வரட்டோ?" என்றேன்.

"உங்கடை கைதான் வேணும். நீங்கள் இல்லை."

போனேன். அவருடைய மேசையின் மறுகரையில் நின்றேன். உருண்டைகளைக் கையில் தரவில்லை, தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார். மா கட்டி தட்டவில்லை. பதினெட்டுப் பூ செய்தேன்.